அப்பா யூதர், அம்மா இல்லை... அப்போ பிள்ளை யார்? இஸ்ரேலில் தீராத ஒரு கேள்வி

டெல் அவிவிலிருந்து சைப்ரஸின் லார்நாகாவுக்கு விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம்தான். கிளம்பிப் போய், நகராட்சி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, மோதிரம் மாற்றிக்கொண்டு, ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடலாம். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான இஸ்ரேலியர்கள் இப்படி வெளிநாடு போய்க் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். 'டெஸ்டினேஷன் வெட்டிங்' ஆசையெல்லாம் இல்லை. அவர்களில் பலருக்குச் சொந்த நாட்டில் திருமணம் செய்துவைக்கவே ஆள் கிடையாது.

இஸ்ரேலில் நம்மூர்போல பதிவுத் திருமணம் இல்லை. திருமணமும் விவாகரத்தும் அந்தந்த மத அமைப்பின் கையில். யூதர்களுக்கு ரப்பி, முஸ்லிம்களுக்கு ஷரியா நீதிமன்றம், கிறிஸ்தவர்களுக்குத் திருச்சபை. ஒட்டோமான் துருக்கியர் ஆட்சியில் இருந்து வந்த இந்த ஏற்பாட்டை, 1953ல் இஸ்ரேல் யூதர்களுக்குத் தனிச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. ஆக, ரப்பி முன்னால் போய் நிற்கும் ஒவ்வொருவரும் முதலில் நிரூபிக்க வேண்டியது: நான் யூதர்.

இங்கேதான் ஒரு பெரிய கூட்டம் மாட்டிக்கொள்கிறது. குடியுரிமை கொடுக்கும்போது அரசு அவர்களை யூதக் குடும்பத்தவர் என்று வரவேற்றது. ராணுவத்தில் சேர்த்துக்கொண்டது. வரி வாங்குகிறது. ரப்பி மட்டும் "உங்க அம்மா யாரு?" என்று கேட்கிறார். யூதர் இல்லை என்று பதில் வந்தால், கதை அங்கேயே முடிந்தது.

மூன்று தாத்தா பாட்டி போதாது, ஒரு பாட்டி போதும்

யூத சமயச் சட்டத்துக்கு ஹலாகா என்று பெயர். அதன்படி ஒருவர் யூதர் ஆக இரண்டே வழி. யூதத் தாய்க்குப் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் முறைப்படி மதம் மாறியிருக்க வேண்டும். 'பாதி யூதர்', 'கால் யூதர்' என்று நாம் பேச்சுவாக்கில் சொல்கிறோமே, அப்படியொரு நிலையே அந்தச் சட்டத்தில் கிடையாது. ஒன்று முழுசாக உள்ளே, இல்லையேல் முழுசாக வெளியே.

இதன் விளைவு விநோதமானது. ஒருவருடைய நான்கு தாத்தா பாட்டிகளில் அம்மாவைப் பெற்ற பாட்டி மட்டும் யூதர், மற்ற மூவரும் கிறிஸ்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாட்டி யூதர், எனவே அம்மா யூதர், எனவே இவரும் யூதர். வாழ்நாளில் ஒருமுறைகூட ஜெப ஆலயத்துக்குப் போயிருக்க வேண்டியதில்லை. இன்னொருவருக்கு மூன்று பேர் யூதர்கள். அம்மாவைப் பெற்ற பாட்டி மட்டும் இல்லை. அவர் பெயர் யூதப் பெயர், வீட்டில் பண்டிகை எல்லாம் யூதப் பண்டிகை. ஆனாலும் ஹலாகாவின் கண்ணில் அவர் வெளியாள்.

குலம் மட்டும் தந்தை வழி என்பது இதில் இன்னொரு முடிச்சு. பழைய ஆலயத்தின் குருமார் வம்சமான 'கோஹன்' பட்டம் அப்பாவிடமிருந்து மகனுக்கு வருகிறது. நீங்கள் யூதரா என்பதை அம்மா தீர்மானிக்கிறார். எந்த வகை யூதர் என்பதை அப்பா தீர்மானிக்கிறார்.

எப்போதுமே அம்மா வழிதானா?

இல்லை. யூத வேத நூலைப் புரட்டினால் அப்பா வழிதான் கண்ணில் படுகிறது. மோசேயின் மனைவி மீதியான் இனத்தவர். யோசேப்பு எகிப்தியப் பூசாரியின் மகளை மணந்தார். அவர்களுடைய இரண்டு மகன்களின் பெயரில் இஸ்ரவேலின் இரண்டு கோத்திரங்களே இருக்கின்றன. சாலமோனுக்குப் பிறகு அரியணை ஏறிய ரெகொபெயாமின் தாய் அம்மோனியர். இவர்களில் யாரையும் "நீ யூதன் இல்லை" என்று யாரும் சொல்லவில்லை.

பாபிலோனியச் சிறையிருப்பிலிருந்து திரும்பிய காலத்தில் காற்று மாறுகிறது. வேற்று இனப் பெண்களையும் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளையும் அனுப்பிவிடும்படி எஸ்றா காலத்தில் முடிவெடுத்ததாக வேத நூலே சொல்கிறது. ஆனால் தாய் வழி என்பது தெளிவான விதியாக எழுத்தில் வருவது கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பில்தான். செல்லத்தக்க திருமண உறவே சாத்தியமில்லாத இடத்தில் பிள்ளை தாயின் நிலையைப் பெறும் என்கிறது அது. உதாரணமாக இரண்டு பேரைக் குறிப்பிடுகிறது: யூதரல்லாத பெண்ணின் பிள்ளை, அடிமைப் பெண்ணின் பிள்ளை. இந்த இரண்டாவது உதாரணம் நம் பக்கத்து ஊர் வரை வந்து தொட்டிருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

ஏன் இப்படி மாறியது? "அம்மா யார் என்பதில் சந்தேகம் இருக்காது, அப்பா யார் என்பதில் இருக்கலாம்" என்ற விளக்கம் வாட்ஸ்அப் வரை பிரபலம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே சட்டம் கோஹன் பட்டத்தை அப்பாவை நம்பித்தானே கொடுக்கிறது? இதை நுணுக்கமாக ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஷாய் கோஹன், ரோமானியச் சட்டத்தின் தாக்கம் இருக்கலாம் என்கிறார். சட்டப்படி மணக்க உரிமை இல்லாத இருவருக்குப் பிறந்த குழந்தைக்குத் தாயின் நிலையே என்பது ரோமானியரின் பொதுவிதி. அதுவும் ஒரு ஊகம்தான். காரைட் என்ற சிறு யூதப் பிரிவினர் மிஷ்னாவை ஏற்பதில்லை. அவர்கள் இன்றும் தந்தை வழியையே பின்பற்றுகிறார்கள்.

ஹிட்லரின் கணக்கும் இஸ்ரேலின் கணக்கும்

1935ல் நாஜி ஜெர்மனி நியூரம்பெர்க் சட்டங்களைக் கொண்டுவந்தபோது ரப்பிகளைக் கேட்கவில்லை. தாத்தா பாட்டிகளை எண்ணியது. மூன்று அல்லது நான்கு பேர் யூதர் என்றால், யூதர். இரண்டு பேர் என்றால் 'முதல் நிலைக் கலப்பினம்'. அவர் யூத சபையில் உறுப்பினராகவோ யூதரை மணந்தவராகவோ இருந்தால் முழு யூதர்தான். ஒருவர் என்றால் 'இரண்டாம் நிலைக் கலப்பினம்'.

மேலே பார்த்த இரண்டு பேரையும் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். அம்மாவழிப் பாட்டி மட்டும் யூதரான முதல் நபர், ரப்பிக்கு யூதர், நாஜிக்குக் கலப்பினம். மூன்று பேர் யூதரான இரண்டாம் நபர், ரப்பிக்கு யூதரே இல்லை. நாஜிக்கு முழு யூதர். சாவதற்கு யூதராக இருந்தவர், கல்யாணத்துக்கு யூதர் இல்லை.

1948ல் பிறந்த இஸ்ரேல் இந்த முரண்பாட்டைத் தலையில் சுமந்துகொண்டுதான் வந்தது. உலகில் எங்கிருக்கும் யூதரும் வந்து குடியேறலாம் என்ற 'தாயகம் திரும்பும் சட்டம்' 1950ல் நிறைவேறியது. யூதர் என்றால் யார் என்று மட்டும் அந்தச் சட்டம் சொல்லவில்லை. மறந்துபோய் விட்டதல்ல. சொன்னால் ஆட்சிக் கூட்டணி உடையும்.

1958ல் உடைந்தேவிட்டது. கலப்புத் திருமணக் குழந்தைகளை எப்படிப் பதிவது என்ற சண்டையில் மதக் கட்சி அரசிலிருந்து விலகியது. பிரதமர் டேவிட் பென் குரியன் என்ன செய்தார் தெரியுமா? உலகெங்கும் இருந்த சுமார் 50 யூத அறிஞர்களுக்கு, "யூதர் என்பவர் யார்?" என்று கேட்டுக் கடிதம் எழுதினார். ஒரு நாட்டின் பிரதமர் தன் குடிமக்கள் பதிவேட்டுக்காக இப்படிக் கடிதம் எழுதியது வேறெங்கும் நடந்திருக்காது. பெரும்பாலான பதில்கள் பழைய ஹலாகா வழியையே ஆதரித்தன.

பிறகு இரண்டு வழக்குகள். முதலாவது, ஆஸ்வால்ட் ரூபைசன். போலந்தில் யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர், நாஜி காலத்தில் பல யூதர்களின் உயிரைக் காப்பாற்றியவர், பின்னர் கத்தோலிக்கத் துறவியாகி 'பிரதர் டேனியல்' ஆனவர். ஹலாகாவின்படி யூதத் தாயின் பிள்ளை எந்த மதத்துக்குப் போனாலும் யூதரே. ஆனால் 1962ல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம், சாதாரண மக்களின் புரிதலில் கிறிஸ்தவத் துறவி ஒருவர் யூதர் ஆகமாட்டார் என்று அவர் மனுவைத் தள்ளியது. மதச் சட்டம் ஆம் என்றது, மதச்சார்பற்ற நீதிமன்றம் இல்லை என்றது.

இரண்டாவது வழக்கு நேர் எதிர். கடற்படை அதிகாரி பெஞ்சமின் ஷாலிட்டின் மனைவி ஸ்காட்லாந்தில் பிறந்தவர், யூதர் அல்ல. இருவருக்கும் கடவுள் நம்பிக்கை கிடையாது. தங்கள் பிள்ளைகளை 'தேசிய இனம்: யூதர், மதம்: இல்லை' என்று பதியக் கேட்டார் ஷாலிட். 1970 ஜனவரியில் 9 நீதிபதிகளில் 5 பேர் அவர் பக்கம் நின்றார்கள். மதக் கட்சிகள் கொதித்தன. மார்ச்சுக்குள் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்திவிட்டது. அதன்பின் பிறந்த மூன்றாவது குழந்தைக்காக ஷாலிட் மீண்டும் படியேறினார், இந்தமுறை தோல்வி. ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே வீடு. அண்ணனும் அக்காவும் பதிவேட்டில் யூதர்கள், கடைக்குட்டி இல்லை.

அந்த 1970 திருத்தம்தான் இன்றுவரை எல்லாச் சிக்கலுக்கும் வேர். ஒரே சட்டத்தில் இரண்டு கதவுகள் வைத்தார்கள். யூதர் என்றால் யூதத் தாய்க்குப் பிறந்தவர் அல்லது மதம் மாறியவர், வேறு மதத்தில் சேராதவர் என்று ஒரு குறுகிய கதவு. ஆனால் குடியேறும் உரிமை யூதரின் பிள்ளைக்கும் உண்டு, பேரப்பிள்ளைக்கும் உண்டு, அவர்களுடைய கணவன் மனைவிக்கும் உண்டு என்று ஒரு அகலமான கதவு. இதை 'பேரப்பிள்ளை பிரிவு' என்கிறார்கள். ஹிட்லர் எவரையெல்லாம் யூதர் என்று குறிவைத்தானோ அவருக்கெல்லாம் இங்கே அடைக்கலம் என்பதே இதன் தத்துவம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கிழக்கு ஐரோப்பாவில் கலப்புத் திருமணம் செய்த குடும்பங்களைப் பிரிக்காமல் அழைத்துவர வேண்டும் என்ற நடைமுறைத் தேவையும் அதில் இருந்தது.

அகலமான கதவு வழியாக உள்ளே வந்தவர், குறுகிய கதவு முன்னால் நின்றுவிட்டால் என்ன ஆகும்? அதை அன்று யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. ஏன்னா, சோவியத் யூனியன் கதவு அப்போது பூட்டிக் கிடந்தது.

மாஸ்கோவில் 'யூதன்', டெல் அவிவில் 'ரஷ்யன்'

1989க்குப் பிறகு முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்து சுமார் 10 லட்சம் பேர் இஸ்ரேலுக்கு வந்தார்கள். சோவியத்தின் உள்நாட்டு பாஸ்போர்ட்டில் ஐந்தாவது வரி 'தேசிய இனம்'. அங்கே 'யூதர்' என்று இருந்தால் நல்ல பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதே சிரமம். கலப்புத் திருமணப் பிள்ளை 16 வயதில் அப்பா இனமா, அம்மா இனமா என்று தேர்ந்தெடுக்கலாம். எதைத் தேர்ந்தாலும் அப்பாவின் குடும்பப் பெயர் காட்டிக்கொடுத்துவிடும். பள்ளியில் 'யூதப் பயல்' என்று அடி வாங்கி வளர்ந்த ஒருவர், தாயகம் என்று நம்பி இஸ்ரேல் வந்து இறங்கினால், அங்கே அவரை 'ரஷ்யன்' என்கிறார்கள். உள்துறைப் பதிவேட்டில் மதம் என்ற இடத்தில் 'எதுவுமில்லை'.

இஸ்ரேல் புள்ளிவிவரத் துறை இவர்களை 'மற்றவர்கள்' என்ற தலைப்பில் எண்ணுகிறது. யூதரும் இல்லை, அரபுகளும் இல்லை. இன்று இவர்கள் சுமார் 5 லட்சம் பேர். எல்லாருக்குமே யூத அப்பா இருந்தார் என்று சொல்ல முடியாது. யூதர்களை மணந்து வந்தவர்களும் இதில் அடக்கம். ஆனால் பெரும்பகுதி, அப்பாவோ தாத்தாவோ யூதராக இருந்ததால் வந்தவர்களும் அவர்களது பிள்ளைகளும்தான். இஸ்ரேலிலேயே பிறந்து, ஹீப்ருவை மட்டும் தாய்மொழியாகப் பேசும் தலைமுறை இதில் வளர்ந்துவிட்டது.

பதினெட்டு வயதில் ராணுவ அழைப்பு வரும்போது யாரும் அம்மாவைப் பற்றிக் கேட்பதில்லை. இறந்தால் கேட்டார்கள். சண்டையில் உயிரிழந்த இப்படிப்பட்ட வீரர்களை மற்றவர்களிடமிருந்து தள்ளி, கல்லறையின் ஓரத்தில் புதைத்த சம்பவங்கள் 1990களில் நாட்டையே உலுக்கின. மத முறை சாராத அடக்கத்துக்கான சட்டம் 1996ல் வந்தது. சடலத்துக்கு வழி பிறந்தது, கல்யாணத்துக்கு இல்லை. 2010ல் ஒரு திருமணச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஆனால் ஆண், பெண் இருவருமே 'மதமற்றவர்' என்று பதிவாகியிருந்தால் மட்டுமே அது செல்லும். யூதப் பெண்ணைக் காதலித்தவருக்கு அதனால் பயனில்லை.

அம்மா யூதர்தான் என்பவர்களுக்கும் சிரமம் குறைவில்லை. நிரூபிக்க வேண்டுமே. பாட்டியின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் 'கெத்துபா' எனப்படும் திருமண ஒப்பந்தம், கல்லறைப் படங்கள் என்று தேடி அலைகிறார்கள். எழுபது ஆண்டு கம்யூனிச ஆட்சியில் யார் கெத்துபா எழுதி வைத்தார்கள்? ரப்பிகள் சிலரிடம் டிஎன்ஏ பரிசோதனை கேட்ட விவகாரம் 2019ல் வெடித்தது. இதில் ஒரு அபத்தம் உண்டு. நேற்று மதம் மாறிய பெண்ணுக்கு இன்று பிறக்கும் குழந்தை ஹலாகாவில் முழு யூதர். எந்த மரபணுவும் அதைச் சொல்லாது.

மதம் மாறிவிட்டால் போச்சு, இல்லையா?

இந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் யூத மதத்துக்கு மாறுவது ஒரு நாள் சடங்கு அல்ல. மூன்று பேர் கொண்ட ரப்பி நீதிமன்றம், ஆண்களுக்கு விருத்தசேதனம், புனித நீரில் முழுக்கு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்டளைகளை ஏற்பது. ஓய்வுநாளில் விளக்குப் போடாமல், கார் ஓட்டாமல், கோஷர் சமையலோடு வாழ்வேன் என்று உறுதி தர வேண்டும். இஸ்ரேலிய யூதர்களில் பெரும்பான்மையினரே இப்படி வாழ்வதில்லை. பக்கத்து வீட்டு யூதர் சனிக்கிழமை கடற்கரைக்குக் கார் ஓட்டிப் போகலாம். அப்பா மட்டும் யூதரானவர் போகக் கூடாது. அது பாசாங்குக்கு அழைப்பு என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். "நான் ஏற்கெனவே யூதன்தானே, எதற்கு மாற வேண்டும்?" என்ற தன்மானமும் இருக்கிறது.

மாறியவருக்கும் நிம்மதி நிச்சயமில்லை. ராணுவத்திலேயே மதமாற்றத்துக்கான பயிற்சி நடக்கிறது, ஆயிரக்கணக்கானோர் அப்படி மாறியிருக்கிறார்கள். ஆனால் 2008ல் ரப்பி நீதிமன்றம் ஒன்று, அரசின் மதமாற்றப் பிரிவுக்கே தலைவராக இருந்த ரப்பி ஹயீம் ட்ருக்மன் நடத்திய மதமாற்றங்களைக் கேள்விக்குள்ளாக்கியது. ஆயிரக்கணக்கானோருக்கு, தாங்கள் யூதரா இல்லையா என்று மறுபடி சந்தேகம். இன்னொன்றும் உண்டு: மதம் மாறிய பெண், கோஹன் வம்சத்து ஆணை மணக்க முடியாது. காதலனின் குடும்பப் பெயரைப் பார்த்தே பயப்பட வேண்டும்.

எல்லா ரப்பிகளும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். யூத அப்பாவுக்குப் பிறந்தவர்களுக்கு 'செரா இஸ்ராயேல்', அதாவது இஸ்ரவேலின் வித்து என்று மரபில் ஒரு பெயர் உண்டு. அவர்கள் வெறும் அந்நியர் அல்லர், திரும்பி வரும் உறவினர். கதவைத் தளர்த்தித் திறக்க வேண்டும் என்று வாதிட்டவர்களில் இஸ்ரேலின் முதல் செபார்டிக் தலைமை ரப்பி பென் சியோன் உசியேலும் ஒருவர். அண்மைக் காலத்தில் ஷாஸ் கட்சியின் எம்.பி.யாக இருந்த ரப்பி ஹயீம் அம்சலேம் இதையே உரக்கச் சொன்னார். நாட்டுக்காக ராணுவத்தில் நிற்பவரிடம் இவ்வளவு கெடுபிடி ஏன் என்பது அவர் கேள்வி. கட்சியோடு முறிந்ததுதான் மிச்சம்.

கொச்சியின் 'விடுவிக்கப்பட்டவர்கள்'

வம்சாவளிச் சந்தேகம் ரஷ்யர்களோடு நிற்கவில்லை. இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு.

கொங்கண் கடற்கரையின் பெனே இஸ்ரேல் யூதர்கள், சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவதால் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள் என்று அழைக்கப்பட்டவர்கள். பல நூற்றாண்டு மற்ற யூதர்களோடு தொடர்பில்லாமல் வாழ்ந்தவர்கள். இஸ்ரேலில் குடியேறிய பிறகு, 1960களின் தொடக்கத்தில் தலைமை ரப்பி அலுவலகம் ஒரு உத்தரவு போட்டது: இவர்கள் வேறு யூதர்களை மணக்க வேண்டுமென்றால், முன்னோர்களில் கலப்பு உண்டா என்று எத்தனை தலைமுறை முடியுமோ அத்தனை தலைமுறை விசாரிக்க வேண்டும். பெனே இஸ்ரேல் மக்கள் 1964ல் ஜெருசலேமில் தெருவுக்கு வந்து போராடினார்கள். அவர்கள் எல்லா வகையிலும் முழு யூதர்களே என்று அதே ஆண்டு நாடாளுமன்றம் அறிவித்தது. ரப்பி அலுவலகமும் உத்தரவில் இருந்த அந்தச் சமூகத்தின் பெயரை நீக்கியது.

கொச்சியில் நடந்தது இன்னும் கூர்மையானது. மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெப ஆலயம் 1568ல் கட்டப்பட்டது. இன்று சுற்றுலா போகிறவர்கள் அதன் நீலத் தரை ஓடுகளைப் படம் எடுக்காமல் திரும்புவதில்லை. அங்கே வழிபட்ட 'பரதேசி' யூதர்கள் ஸ்பெயின், மத்திய கிழக்கு வழி வந்தவர்கள். அவர்களோடு 'மெஷுக்ரரீம்' என்றொரு பிரிவும் இருந்தது. ஹீப்ருவில் 'விடுவிக்கப்பட்டவர்கள்' என்று பொருள். விடுதலை பெற்ற அடிமைகளும், யூத எஜமானர்களுக்கும் அடிமைப் பெண்களுக்கும் பிறந்தவர்களின் வழிவந்தவர்களும். மிஷ்னா சொன்ன அந்த இரண்டாவது உதாரணம் இவர்கள்தான்.

முறைப்படி விடுவித்து முழுக்குச் சடங்கும் செய்துவிட்டால் அடிமையும் முழு யூதர் என்பதில் ஹலாகாவுக்குக் குழப்பமே இல்லை. சட்டம் திறந்த கதவை ஊர்வழக்கம் மூடியது. பரதேசி ஆலயத்தில் அவர்களுக்கு உள்ளே இருக்கை கிடையாது, முன்கூடத்தில் தரையில் உட்கார வேண்டும். டோரா வாசிக்க அழைப்பு வராது. கல்லறையும் தனி.

இதை எதிர்த்தவர் ஏ.பி. சேலம். அந்தப் பிரிவிலேயே பிறந்து, மெட்ராஸில் சட்டம் படித்த வழக்கறிஞர், கொச்சி சட்டசபை உறுப்பினர். காந்தி வழியில் ஜெப ஆலயத்துக்குள் சத்தியாகிரகம் செய்தார். 'யூத காந்தி' என்று பெயரே வந்தது. தடைகள் ஒவ்வொன்றாக விழுந்தன, ஆனால் மெதுவாக. அவருடைய மகன் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணைக் காதலித்தபோது, 1950ல், கல்யாணத்துக்கு பம்பாய் போக வேண்டியிருந்தது. லார்நாகாவுக்கு முன்னால் ஒரு பம்பாய்.

லண்டன் பள்ளியும் அமெரிக்கத் தீர்மானமும்

இஸ்ரேலுக்கு வெளியே ரப்பிக்கு அரசு அதிகாரம் இல்லை. அப்படியும் கேள்வி நீதிமன்றம் வரை போனது. லண்டனின் ஜே.எஃப்.எஸ். பள்ளி புகழ்பெற்றது, இடம் கிடைப்பது அரிது. யூதக் குழந்தைகளுக்கு முன்னுரிமை. யார் யூதர் என்று தலைமை ரப்பி அலுவலகம் சொல்லும். ஒரு சிறுவனின் அப்பா யூதர். அம்மா இத்தாலியக் கத்தோலிக்கர். மதம் மாறியவர்தான், ஆனால் ஆர்த்தடாக்ஸ் முறையில் அல்ல. வழிபாடு தவறாத அந்தச் சிறுவனுக்கு இடம் மறுக்கப்பட்டது. அம்மா யூதராக இருந்தால், நாத்திகக் குடும்பத்துப் பிள்ளைக்கு முன்னுரிமை உண்டு!

2009 டிசம்பரில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தில் 9 நீதிபதிகளில் 5 பேர் இது இனப் பாகுபாடு என்றார்கள். அம்மா யார் என்று கேட்பது மதத்தைப் பற்றிய கேள்வி அல்ல, வம்சத்தைப் பற்றிய கேள்வி என்பது வாதம். பள்ளியை நடத்துகிறவர்களை இனவெறியர்கள் என்று சொல்லவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்கள். அதன்பின் ஜெப ஆலயத்துக்கு எத்தனை முறை வந்தார்கள் என்று கணக்கெடுத்து இடம் கொடுக்கும் முறை வந்தது. பிறப்புக்குப் பதில் வருகைப் பதிவேடு. இரண்டாயிரம் ஆண்டு மரபை ஒரு வாக்கு வித்தியாசத்தில் இனச் சட்டத்துக்குள் அடைத்துவிட்டார்கள் என்று பல யூதர்களுக்கு இன்றும் கோபம். அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அமெரிக்காவில் பிரச்னையின் அளவே வேறு. 2020ல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கில், 2010க்குப் பிறகு திருமணமான யூதர்களில் 61% பேரின் துணை யூதர் அல்ல. இப்படி ஆகும் என்று முன்பே உணர்ந்துதான், அங்குள்ள சீர்திருத்த ரப்பிகள் 1983ல் ஒரு தீர்மானம் போட்டார்கள்: பெற்றோரில் யார் ஒருவர் யூதரானாலும் பிள்ளை யூதராகக் கருதப்படலாம், யூதராக வளர்க்கப்பட்டு அதை வெளிப்படையாகக் காட்டினால். பலர் கவனிக்காத விஷயம், இது ஒருவகையில் பழைய விதியைவிடக் கறாரானது. அம்மா மட்டும் யூதர் என்றாலும் பிறப்பு மட்டும் போதாது, நடத்தையும் வேண்டும். ஆர்த்தடாக்ஸும் கன்சர்வேடிவும் இதை ஏற்கவில்லை. நியூயார்க்கில் ஜெப ஆலயத்தில் வளர்ந்து, 13 வயதில் டோரா வாசித்த இளைஞர் இஸ்ரேலுக்கு வந்தால் விமான நிலையத்தில் வரவேற்பு, ரப்பி அலுவலகத்தில் அதே கேள்வி.

பேரப்பிள்ளைக்கு மூடப்படுமா கதவு?

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் பல்லாயிரம் பேர் இஸ்ரேல் வந்தார்கள். பெரும் பங்கினர் ஹலாகாப்படி யூதர்கள் அல்லர். அந்த ஆண்டு இறுதியில் நெதன்யாகு மதக் கட்சிகளோடு கூட்டணி அமைத்தபோது, பேரப்பிள்ளை பிரிவை நீக்க வேண்டும் என்பது அக்கட்சிகளின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. யூத அடையாளத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் பாஸ்போர்ட்டுக்காக வருகிறார்கள் என்பது அவர்கள் வாதம். அது முழுப் பொய்யும் அல்ல. குடியுரிமை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். எதிர்ப்பும் உடனே கிளம்பியது. அமெரிக்க யூத அமைப்புகள் கவலை தெரிவித்தன, ரஷ்ய வழி வாக்காளர்களை நம்பியிருக்கும் கட்சிகள் கொதித்தன. அகலமான கதவைக் குறுகலாக்கினால், கலப்புக் குடும்பங்கள் பெருகிவிட்ட அமெரிக்காவுக்கும் இஸ்ரேலுக்கும் இடையே என்ன உறவு மிஞ்சும் என்பது அவர்கள் கேள்வி.

நீதிமன்றம் இன்னொரு பக்கம் சிறு சிறு சன்னல்களைத் திறந்துகொண்டிருக்கிறது. இஸ்ரேலுக்குள் சீர்திருத்த, கன்சர்வேடிவ் ரப்பிகளிடம் மதம் மாறியவர்களுக்கும் குடியுரிமை உண்டு என்று 2021 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அந்த மனுக்களில் சில பதினைந்து ஆண்டு காத்திருந்தவை. 2023 மார்ச்சில் இன்னொன்று: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆன்லைனில் திருமணம் நடத்துகிறார்கள், அப்படி நடந்த கல்யாணத்தையும் உள்துறை பதிந்தாக வேண்டும். வெளிநாட்டுத் திருமணம் என்றால் பதிய வேண்டும் என்பது 1960களிலிருந்தே உள்ள நடைமுறை. இப்போது விமானம்கூட ஏற வேண்டாம். டெல் அவிவ் வீட்டுச் சோபாவில் மணமக்கள், ஜூம் திரையில் யூட்டா அதிகாரி.

கல்யாணம் பதிவாகிவிடும். பிள்ளை பிறந்ததும் பழைய கேள்வி மறுபடி வரும். யூத அப்பாவுக்கும் ரஷ்ய அம்மாவுக்கும் பிறந்த ஒரு அண்ணனும் தங்கையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருமே பதிவேட்டில் 'மதமற்றவர்'. அண்ணன் ஒரு யூதப் பெண்ணை ஜூமில் மணக்கிறார். அவர்களுடைய குழந்தை பிறக்கும்போதே யூதர். தங்கை ஒரு யூத இளைஞரை ஜூமில் மணக்கிறார். அவர்களுடைய குழந்தை இல்லை. இரண்டு குழந்தைகளுக்கும் நான்கில் மூன்று தாத்தா பாட்டிகள் யூதர்கள். பதினெட்டு வயதில் இரண்டு பேருக்கும் ஒரே ராணுவ முகாமிலிருந்து அழைப்பு வரலாம். கல்யாண வயதில் ஒருவர் ரப்பி அலுவலகத்துக்குப் போவார், மற்றவர் மறுபடியும் யூட்டாவைக் கூப்பிட வேண்டியிருக்கும்.